கைத்தொலைபேசியும் கேரளக் கடற்கரையும் – ஒரு விமர்சன நோக்கு

1996ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் திகதி கேரளத்தின் முதலாவது கைத்தொலைபேசி அழைப்பு கொச்சியிலிருந்து விடுக்கப்பட்டது. அழைத்தவர் மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கரப்பிள்ளை. மறுமுனையிற் பதிலிறுத்தவர் இந்தியக் கடற்படையின் தென்பிராந்தியத் தளபதி. எஸ்கோடெல் என்னும் தனியார் நிறுவனத்தின் சேவை தொடங்கிய நிகழ்ச்சி அது. வியாபார நிறுவனமொன்று தனது பண்டத்தை அறிமுகம் செய்வதற்கு முதிய எழுத்தாளர் ஒருவரை நாடியமை, கேரள சமூகத்தில் இலக்கியத்துக்குள்ள மதிப்பைக் காட்டுகிறது எனலாம். ஆயின், ஒழுங்கு செய்தோர் எண்ணியிராத வேறொரு பொருத்தமும் அந்நிகழ்ச்சியில் அமைந்து விட்டது. தகழியின் பெயரை மலையாள எல்லைக்கு அப்பால் நிலைநாட்டிய படைப்பு, 1956இல் வெளிவந்து மறுவருடம் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்ற ‘செம்மீன்’ ஆகும். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வாயிலாகத் தமிழ் வாசகரும் நன்கறிந்த அந்நாவல், கடற்றொழிலாளரைப் பற்றியது. கேரளத்திலே கைத்தொலைபேசியை உலகப் புகழ் பெறச் செய்தவர்களும் கடற்றொழிலாளரே.

தகழி கொச்சியில் அழைப்பு விடுத்த அதே செப்டெம்பர் மாதத்திலேதான் வடகேரளக் கரைகளில் மற்றொரு வேலையும் ஆரம்பமாயிற்று. றொபேட் ஜென்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர், கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 15 கடற்கரைச் சந்தைகளைத் தெரிந்து, 300 மீன்பிடி அலகுகளின் விற்பனை விபரங்களை வாரந்தோறும் திரட்டத் தொடங்கினார். இவ்வேலை 2001 மே வரை தொடர்ந்தது. அதன் பேறாகிய ஆய்வுக்கட்டுரை 2007 ஓகஸ்டில் ‘குவாட்டர்லி ஜேர்னல் ஒவ் எக்கொனொமிக்ஸ்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. கருவி உடையோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான ‘பிளவு’ பற்றி அக்காலத்தில் எங்கும் பேசப்பட்டமையால், அச்சொல்லின் ஆங்கில ஓசையையே சற்றுத் திருப்பி ‘வழங்கல்’ என்ற பொருள்படும் சொல்லாக்கித் தலைப்பிட்டிருந்தார் ஆசிரியர். தலைப்பிலேயே ஒரு வாதம் அடங்கியிருந்தது.

கட்டுரையின் சாரத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். ஏனெனில் அதனைப் புகழ்ந்தோரிலும் பலர் அதனைப் படித்தவராகத் தோன்றவில்லை. கேரளத்தார் மத்தி என்றும் இலங்கைத் தமிழர் சாளை என்றும் வழங்கும் மீன் விரைவிற் பழுதடைவது. பிடித்த படகு கரையேறிய சந்தையில் அன்று காலையே விற்றாக வேண்டும். ஒரு கரையில் மீன் குவிந்து வாங்குவாரின்றிப் போக, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் அப்பாலுள்ள அடுத்த கரையில் வாங்குவோர் மீனின்றித் திரும்புவர். 1997 ஜனவரி 14ஆம் திகதி வடகரைச் சந்தையில் 11 மீனவர் தம் மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றபோது, 15 கிலோமீற்றர் தூரத்துக்குட்பட்ட சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காது திரும்பும் நிலையில் இருந்தனர் என ஜென்சன் பதிவு செய்கிறார். கடலில் நிற்பவனுக்குக் கரையின் நிலை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

1997 ஜனவரியிற் கோழிக்கோட்டிலும் 1998 ஜூலையிற் கண்ணூரிலும் 2000 மே மாதத்திற் காசர்கோட்டிலும் கைத்தொலைபேசிச் சேவை வந்தது. கரையோரமாக எழுந்த கோபுரங்களின் அலைகள் கடலினுள் 20 முதல் 25 கிலோமீற்றர் வரை எட்டின. சாளை பிடிபடுவதும் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள்ளேயே. மீனவர் படகிலிருந்தபடியே பல சந்தைகளின் விலையைக் கேட்டறிந்து, எங்கு கரையேறுவது எனத் தீர்மானிக்கலாயினர். முன்னர் தம் பிரதேசத்துக்கு வெளியே எவருமே விற்காத நிலை மாறி, 30 முதல் 40 வீதமானோர் வெளியே விற்றனர். 60 முதல் 70 வீதமாயிருந்த விலைமாறுபாட்டுக் குணகம் 15 வீதத்துக்கோ அதற்குக் குறைவாகவோ இறங்கிற்று. பிடித்த மீனில் 5 முதல் 8 வீதம் வரை வீணாகியமை நின்றது. மீனவரின் இலாபம் 8 வீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது.

இது சிறந்த ஆய்வு. மூன்று மாவட்டங்களிலும் சேவை வெவ்வேறு காலங்களில் வந்தமையை, இயற்கையே அமைத்துத் தந்த பரிசோதனைபோலப் பயன்படுத்தியமை போற்றத்தக்கது. ஒரு பொருளுக்கு ஒரு விலை என்னும் பொருளியற் கோட்பாடு மண்ணும் உப்பும் படிந்த கரையில் மெய்ப்படுவதை வாரந்தோறும் அளந்து காட்டிய உழைப்பும் அத்தகையதே. இங்கு விமர்சனத்துக்கு உரியது, பெருமளவில், அவ்வாய்வு பின்னர் அடைந்த வாழ்வேயாகும்.

கட்டுரை அச்சேறுமுன்னரே, 2007 மே மாதத்தில், இலண்டனிலிருந்து வெளிவரும் ‘எக்கொனொமிஸ்ற்’ வாரஇதழ் அதனை உலகறியச் செய்தது. அதற்கான களம் ஏற்கெனவே பண்படுத்தப்பட்டிருந்தது. ஏழைகளை உதவிக்குரியோராக அன்றி வாடிக்கையாளராக நோக்குமாறு பெருநிறுவனங்களுக்குக் கூறிய சி. கே. பிரகலாத்தின் நூல் 2004இல் வந்தது. வளரும் நாடொன்றில் 100 பேருக்கு மேலும் 10 கைத்தொலைபேசி சேர்ந்தால் தலா வருமான வளர்ச்சி 0.59 வீதப் புள்ளியால் உயரும் என்ற கணக்கு 2005இல் வந்தது. அதனை வெளியிட்டது வொடபோன் என்னும் கைத்தொலைபேசி நிறுவனம் என்பது மனங்கொளத்தக்கது. இப்பின்னணியிலே கேரள மீனவன் மேடைக்கு அழைக்கப்பட்டான். மாநாடுகளிலும் நிறுவன அறிக்கைகளிலும் பாடநூல்களிலும் அவன் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. சொல்லப்படுந்தோறும் சாளை மறைந்து ‘மீன்’ ஆயிற்று. வடகேரளம் மறைந்து ‘இந்தியா’ ஆயிற்று. 8 வீதம் மறைந்து ‘வறுமையிலிருந்து விடுதலை’ ஆயிற்று. அரசும் தேவையில்லை, சங்கமும் தேவையில்லை, இலாபம் கருதி நடத்தப்படும் சேவையொன்றே ஏழையை உயர்த்தப் போதுமானது என்ற முடிபு இறுதியில் எஞ்சிற்று.

இம்முடிபைத் தாங்கும் தூண் எது எனத் தேடுமிடத்து ஒரு கேள்வி எழுகிறது. அடுத்த கரையில் விலை கூடுதல் எனக் கடலிலே கேட்டறிந்த மீனவன், படகைத் திருப்பும் உரிமை உடையவனாக இருந்தான். அவ்வுரிமை எங்கிருந்து வந்தது? ஜென்சன் ஆய்ந்த கரைகளில் மீன் பெரும்பாலும் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டது; எனவே விலை அறிந்தவன் அதன் பயனையும் அடைய முடிந்தது. ஆய்வாளருக்கு அது களத்தின் இயல்பு. கதையை எடுத்துச் சென்றோருக்கோ அது கண்ணிற் படவேயில்லை.

‘செம்மீன்’ நாவலைப் பற்றிப் பேசுவோர் கறுத்தம்மாவின் காதலையும், கடலில் இருப்பவனின் உயிர் கரையில் இருப்பவளின் கற்பில் தங்கியுள்ளது என்னும் நம்பிக்கையையுமே பெரிதும் பேசுவர். அந்நாவலுக்குள்ளே ஒரு கடன் கணக்கும் உண்டு என்பதை விமர்சகர் போதியளவு கவனித்தாரல்லர். செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்குவதற்கு வியாபாரியான பரீக்குட்டியிடம் உதவி பெறுகிறான். பிடிக்கும் மீனை அவனுக்கே விற்பதென்பது பேச்சு. படகு சொந்தமான பின்னர் அவன் அப்பேச்சைக் காப்பாற்றவில்லை. பரீக்குட்டி காதலன் ஆகையால் வாசகரின் அனுதாபம் அவன்பாற் செல்கிறது. காதலை ஒருபுறம் வைத்து நோக்கின் அங்கு காணப்படுவது கடற்கரைப் பொருளாதாரத்தின் மூலவிதியாகும்: முற்பணம் கொடுத்தவனுக்கே மீன் உரியது, கடலில் மீன் பிடிபடுமுன்னரே அதற்கு உடையவன் ஒருவன் கரையில் இருக்கிறான். செம்பன்குஞ்சு விலையைத் தேடிப் போகும் சுதந்திரத்தை வாக்குத் தவறியே பெற வேண்டியிருந்தது. அவன் கையில் தொலைபேசி இருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? தான் பெற முடியாத விலையின் அளவை அவன் துல்லியமாக அறிந்திருப்பான்.

இலங்கையின் கடற்கரைகளை அறிந்தோருக்கு இது புதிதன்று. சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றுத் தொழிலுக்குப் போனவனின் மீன், கூறி விற்கும் இடத்துக்கு வருமுன்னரே கணக்கில் ஏறிவிடும். தெற்காசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கிய நாடு இலங்கை. அது 1989ஆம் ஆண்டு. கருவி முந்தி வந்தமையால் முற்பணக் கொப்பி மூடப்பட்டு விடவில்லை.

கேரளத்திலே அக்கொப்பியை மூட முயன்றோர் இருந்தனர். அதன் வரலாறு கைத்தொலைபேசிக்குக் கால் நூற்றாண்டு முந்தியது. திருவனந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள மரியநாடு என்னும் கடலோரக் கிராமத்தில் மீனவர் தாமே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மீனின் முதல் விற்பனையைத் தரகர் கையிலிருந்து தம் கைக்கு மாற்றினர். ஏலத்தைச் சங்கம் நடத்தும். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் கழிக்கப்படும். அத்தகைய சங்கங்கள் பெருகி 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனமாக உருப்பெற்றன. 1984இல் மாநில அரசின் சார்பில் ‘மத்ஸ்யஃபெட்’ என்னும் கூட்டுறவு இணையம் ஏற்பட்டது. இவை எங்கும் வெற்றி பெற்றன என்பதற்கில்லை. சம்மேளனத்தின் வலிமை தென்கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலுமே மிகுதி. ஜென்சனின் களமோ வடக்கே. எனினும் ‘முதல் விற்பனை யாருடையது’ என்பதே மீனவர் வாழ்வின் மையக் கேள்வி என்பதை நிறுவியவை இச்சங்கங்களே. விலைத்தகவல் என்பது அக்கேள்விக்கு விடை கண்ட பின்னரே பயன் தரும் பொருள்.

உரிமையைப் போலவே ஆற்றலும் நோக்கத்தக்கது. சாளை பழுதடையுமுன் 15 கிலோமீற்றர் தூரத்துக் கரையை எட்டுவதற்குப் படகிலே வெளியிணைப்பு இயந்திரம் இருத்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டளவிலிருந்து கேரளக் கரைகளிற் பரவிய அவ்வியந்திரங்கள் அரசின் கடன் திட்டங்களாலும் மானியங்களாலும் பரவின. மானிய விலையிற் கிடைத்த மண்ணெண்ணெயால் ஓடின. 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகப் பிரகடனம் செய்யப்பட்ட கேரளத்தின் கரையோரம் நெருக்கமான குடியிருப்புக்களையும் வீதிகளையும் உடையது. அங்கு கோபுரங்கள் கரைக்கு அண்மையில் எழுந்தமைக்குக் காரணம் மீனவர்மீது கொண்ட அக்கறை அன்று. பணம் கொடுக்கக்கூடிய நகரவாசிகள் அங்கே செறிந்து வாழ்ந்தமையே. 1995இல் இந்தியாவில் இச்சேவை தொடங்கியபோது ஒரு நிமிட அழைப்பு 16 ரூபா வரை விலைபெற்றது. வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. 2003 மே மாதத்திலேயே அது நீங்கிற்று. அத்தகைய கட்டணத்தை வகுத்தோரின் மனக்கண்ணில் மீனவன் தோன்றியிருக்க முடியாது. நகரவாசிக்கெனப் பரப்பிய அலை வழிந்து கடலிலும் விழுந்தது. விழுந்ததை மீனவன் தன் அறிவால் எடுத்துக்கொண்டான். இப்பெருமை அவனுக்குரியது. கதை சொன்னோர் அதனைக் கருவிக்குக் கொடுத்தனர்.

கருவியொன்றைக் கொடையாகக் கருதிக் கேரளக் கரை ஏமாந்தமை இது முதற்றடவையுமன்று. 1953இல் கொல்லத்துக்கு அண்மையிலுள்ள நீண்டகரையில் இந்திய-நோர்வே மீன்பிடித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. பாரம்பரிய மீனவரின் வாழ்வை உயர்த்துதல் அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. இயந்திரப் படகும் ஐஸ் ஆலையும் வந்தன. ஆனால் இறாலுக்கு அமெரிக்காவில் விலை உண்டு என்பது தெளிவானதும் முதலுடையோர் இழுவைப் படகுகளுடன் வந்து சேர்ந்தனர். சிறு மீனவன் தன் கரைக்கு முன்னாலேயே அந்நியனானான். அவன் வீதிக்கு இறங்கி, உண்ணாவிரதம் இருந்து, பல ஆண்டுகள் போராடிய பின்னரே 1988இல் மழைக்கால இழுவைமடித் தடை கிடைத்தது. கருவி அதே கருவிதான். அதன் பயனைத் தீர்மானித்தது சொத்துறவு.

ஒரு கரையின் அனுபவம் வேறிடத்துக்கு இயல்பாகவே பெயரும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டுள்ளது. மகாராஷ்டிர மாநிலத்தின் 100 கிராமங்களில் விவசாயிகளுக்குக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி மூலம் சந்தை விலையும் காலநிலையும் அறிவித்த வர்த்தகச் சேவையொன்றை மார்செல் ஃபாஷோம், பார்ட் மின்டன் என்னும் இருவர் ஆராய்ந்து 2012இல் முடிபுகளை வெளியிட்டனர். விவசாயி பெற்ற விலையிலே புள்ளிவிபர அடிப்படையிற் பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதனையும் சராசரியாக அவர்கள் காணவில்லை. அதே நாடு, அதே கருவி, விலை என்னும் அதே தகவல். இம்முடிபை மாநாட்டு மேடைகளில் எவரும் கதையாகச் சொல்லவில்லை. தோல்வியிற் கதைச்சுவை இல்லை போலும்.

ஜென்சனின் பிற்கால ஆய்வு ஒன்றுக்கும் அதே கதிதான். நோலன் மில்லருடன் இணைந்து 2018இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அதே கரைகளிற் படகு கட்டுவோரைப் பற்றியது. கைத்தொலைபேசி வந்து மீனவர் அயற்கரைகளில் விற்கத் தொடங்கியதும், அங்குள்ள படகுகளையும் அவற்றைக் கட்டுவோரின் திறனையும் கண்டறிந்தனர். நெடுங்காலம் நிலைக்கும் படகு கட்டுவோரிடம் வேலை குவிந்தது. அவர்களின் பட்டறைகள் வளர்ந்தன. ஏனையோர் பலர் தொழிலைக் கைவிட்டனர். நல்ல படகு கிடைத்தது மீனவருக்கு நன்மையே. ஆயினும் ஊருக்கொருவராய் இருந்த படகுக் கைவினைஞர் என்னவாயினர்? உற்பத்தித்திறன் உயர்ந்தது என்பது ஒரு விடை. வேறொரு விடையும் தேவை. அதனை அவ்வாய்வின் கணிதத்திற் காண முடியாது.

கணக்கின் அலகு பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். இலாபம் 8 வீதம் உயர்ந்தது என்பது மீன்பிடி அலகின் கணக்கு. ஒரு சுருக்குவலை அலகிலே பலர் தொழில் செய்வர். எண்ணெய்ச் செலவும் கழிவுகளும் போக எஞ்சியதே உடைமையாளருக்கும் தொழிலாளருக்குமிடையிற் பங்காகும். தொலைபேசி எவர் கையிலிருந்ததோ அவரே கரையுடன் பேசினார். முதலில் அதனை வாங்கியவையும் பெரிய அலகுகளே. எங்கு விற்பது என்னும் தீர்மானம் அவ்வாறு எவர் கைக்குச் சென்றது என்பது ‘மீனவர்’ என்ற பன்மைக்குள் மறைந்து விடுகிறது.

மீனவர் இக்கருவியை உண்மையில் எதற்குப் பயன்படுத்தினர் எனக் கேட்டவர் ரி. ரி. ஸ்ரீகுமார். 2011இல் வெளியான அவரது கட்டுரை, கேரளக் கடற்றொழிலின் பண்பாட்டுச் சூழலுக்குள் வைத்துக் கைத்தொலைபேசியை நோக்குகிறது. விலை தேடியலையும் தனிமனிதனை அன்றி, தொழிலிலும் ஆபத்திலும் ஒருவரோடொருவர் தொடர்பு பேணும் சமூகத்தையே அவர் முதன்மைப்படுத்துகிறார். மீன்கூட்டம் கண்ட இடத்தை அறிவித்தல், இயந்திரம் பழுதாயின் அருகிலுள்ள படகை அழைத்தல் என்பன விலைப்பட்டியலில் அடங்காத பயன்கள். 2016இல் ஜாக் ஸ்ரெயின் எழுதிய நீண்ட மறுப்பும், கேரளக் கதையிலிருந்து உலகப் பொதுவிதி வகுத்தலின் தவற்றையே சுட்டிற்று. இவ்விரு கட்டுரைகளையும் ஜென்சனின் முதற் கட்டுரையோடு சேர்த்துப் படித்தால் உண்மைக்கு அண்மையில் வரலாம். சேர்த்துப் படித்தோர் சிலரே. பேர்பெற்ற பொருளியற் சஞ்சிகையின் குரல் எட்டும் தூரம் வேறு. சமூகவியற் கட்டுரையின் குரல் எட்டும் தூரம் வேறு. அறிவுலகிலும் கோபுரங்கள் உண்டு.

மற்றொன்று மீனையே பற்றியது. ஜென்சனின் ஆய்வு அடிப்படையிற் பங்கீடு பற்றியது: பிடிபட்ட மீன் எங்கே போய்ச் சேருகிறது என்பது. பிடிபடுவதற்கு மீன் இருக்குமா என்பது அதன் விடயமன்று. 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் தொன் சாளை கரை சேர்ந்தது. 2016இல் அது 46,000 தொன் அளவுக்கு வீழ்ந்தது. 2021இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கின்படி, 3,297 தொன் மாத்திரமே. கடல்நீரின் வெப்ப மாற்றங்களும் மட்டுமீறிய பிடிப்பும் குஞ்சுமீன் பிடித்தலும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவ்வீழ்ச்சிக்குக் கைத்தொலைபேசியைப் பொறுப்பாக்குதல் தவறு. ஆனால் மீன்கூட்டம் கண்ட செய்தி நொடியில் நூறு படகுகளுக்கு எட்டும் கடலில், கடலைக் காக்கும் விதியொன்றும் அதே வேகத்தில் வளர வேண்டியிருந்தது என்பதை எவரும் மறுக்க மாட்டார். 4 வீதம் மலிவாகச் சாளை வாங்கிய ஏழை நுகர்வோன், சாளையே அரிதாகிய ஆண்டுகளில் என்ன விலை கொடுத்தான் என்பதை அப்பழைய வெற்றிக்கதையில் எவரும் சேர்த்து எழுதவில்லை.

20 முதல் 25 கிலோமீற்றர் என்ற எல்லை ஜென்சனின் கட்டுரையில் ஒரு தொழில்நுட்ப விபரம். கரையோரச் சாளைக்கு அது போதுமானது. கரையோர மீன்வளம் குன்றக் குன்ற, தென்கேரளத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் மீனவர் சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குப் போயினர். நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், அங்கே தங்கினர். கோபுரம் அவர்களைப் பின்தொடரவில்லை. கடலிலே கோபுரம் நாட்டினால் கட்டணம் செலுத்துவோர் எத்தனை பேர் என்பது எந்த நிறுவனமும் எளிதிற் போடக்கூடிய கணக்கு.

2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தென்மேற்கே உருவான ஒக்கிப் புயல் மிகக் குறுகிய நேரத்தில் வலுப்பெற்றது. நவம்பர் 30ஆம் திகதி புயல் எச்சரிக்கை வெளியானபோது தென்கேரள, கன்னியாகுமரி மீனவர் பெருந்தொகையினர் ஏற்கெனவே கடலில் இருந்தனர். கரையிலுள்ள பெண்கள் கைத்தொலைபேசியில் மீண்டும் மீண்டும் அழைத்தனர். அழைக்கப்பட்ட எண்கள் எல்லைக்கு அப்பால் இருந்தன. இறந்தோரும் காணாமற் போனோருமாக நூற்றுக்கணக்கானோரை அக்கரைகள் இழந்தன. உலகப் பாடநூல்களில் தொலைபேசியுடன் படம் பிடிக்கப்பட்ட அதே மாநிலத்து மீனவன், தன் வாழ்வின் மிக அவசியமான செய்தியைப் பெறாமலே இறந்தான். விலை எட்டிய தூரத்துக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தகவல் ஏழையை உயர்த்துகிறது என்று எழுதியோர், எத்தகவல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எவர் தீர்மானிக்கிறார் என்று கேட்டிருந்தால், இவ்விடைவெளி புயலுக்கு முன்னரே புலப்பட்டிருக்கும்.

அவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தது தொலைபேசிச் சந்தை அன்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் செய்மதிகளின் வழியே ஆழ்கடற் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவியை ஆக்கிற்று. கேரள அரசு அதனை மீனவரிடையே விநியோகித்தது. முதலிற் கொடுக்கப்பட்ட கருவி கரையிலிருந்து வரும் செய்தியைப் பெற மாத்திரமே வல்லது. படகிலிருந்து பதில் அனுப்ப இயலாது. இருபுறமும் பேசக்கூடிய ‘நப்மித்ரா’ என்னும் கருவி 2024 ஜனவரியிலேயே பரிசோதிக்கப்பட்டது. பரிசோதனை நிகழ்ந்த இடம் நீண்டகரை.